அப்பாவோட கெட்டிக்கிற துப்பாக்கி: பன்னிக்கு எவ்வளவு மருந்து? அவசரம்

மேட்டுக்கொல்லை:
வணக்கம்ங்க. அப்பா அந்தக் காலத்துல செகண்ட் ஹேண்டுல வாங்கின, வாய் வழியா மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கிற ரைபிள் இப்ப என் கைக்கு வந்திருக்கு. கடலைக்கா கொல்லையில மூணு ராத்திரியா பன்னி பூந்து கிளறிப் போட்டிருக்கு. எவ்வளவு மருந்து, எவ்வளவு ரவை? இல்ல, ஒத்தைக் குண்டு போடலாமா? இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள சொன்னா நல்லா இருக்கும்.

பரிசல்துறை:
தம்பி, எந்த ஊரு? காட்டு ஓரத்துல இருந்து கொல்லை எவ்வளவு தூரம்? லைசென்ஸ் உங்க பேர்ல மாறிடுச்சா? துப்பாக்கி கேப்பு (குதிரை அடிச்சதும் பொறி தர்ற சின்ன மூடி) போடறதா? குழாய் உள்ள சுத்தமா இருக்கா? ஒண்ணும் சொல்லாம அளவு மட்டும் கேட்டா எப்படி?

பழையஇரும்பு:
மருந்து அளவு ரெண்டாம் பட்சம். எல்லாம் மருந்து மேல அடைக்கற நார்லதான் இருக்கு. தேங்கா நாரை நல்லா உருட்டி இறுக்கிக் கெட்டிச்சா கொஞ்ச மருந்தே போதும். நார் தளர்ந்தா எவ்வளவு கொட்டினாலும் புஸ்வாணம்தான். எங்க தாத்தா சொன்னது, நான் கண்ணால பார்த்தது.

சட்டப்படி:
இதே கேள்வியோட எத்தனை பேர்தான் வருவீங்க? முதல்ல அதை ரைபிள்னு எழுதாதீங்க. ரைபிள்னா குழாய்க்குள்ள மரை மாதிரி வரி சுத்திப் போகும். நம்ம பக்கம் பயிர்க் காவலுக்குக் குடுக்கறது எஸ்.பி.எம்.எல்., அதாவது வாய் வழியா கெட்டிக்கிற ஒத்தைக் குழாய்த் துப்பாக்கி, உள்ள மழமழன்னு இருக்கும். ரெண்டாவது, பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ்னா பன்னியைச் சுடற லைசென்ஸ் இல்ல. 1972 வனவிலங்குச் சட்டம் இதுக்கும் பொருந்தும். 2022 திருத்தத்துக்கு அப்புறம் காட்டுப்பன்னி அந்தச் சட்டத்தோட இரண்டாம் அட்டவணையில, அனுமதி இல்லாம வேட்டையாடக் கூடாத பட்டியல்ல. லைசென்ஸ் புத்தகத்தைத் திறந்து ஒரு தடவையாவது படிச்சிருக்கீங்களா?

ஊத்தங்கரை_பென்சில்வேனியா:
நான் ஊத்தங்கரைக்காரன், இப்ப பென்சில்வேனியாவுல இருக்கேன். இங்க கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட மான் வேட்டைக்குப் பிளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல்லுல பொறி பத்தற துப்பாக்கி) சீசன் வரும், சட்டப்படியே. நானும் செகண்ட் ஹேண்டுல ஒரு பாயிண்ட் 50 (குழாய் வாய் அரை இஞ்ச்) வாங்கினேன். இது உள்ள வரி போட்ட நிஜ ரைபிள். அளவு எப்படிப் பிடிச்சேன்னா: கரிமருந்தை எடை போடறதில்ல, அளவுக் குழல்ல கொள்ளளவாத்தான் அளக்கணும். 50 கிரெய்ன்ல (மருந்து அளக்கற சின்ன அளவு) ஆரம்பிச்சு, பாயிண்ட் 490 இஞ்ச் குண்டைத் துணியில சுத்தி அஞ்சு சுடுவேன். அஞ்சு ஓட்டை எவ்வளவு நெருக்கமா விழுதுன்னு பார்ப்பேன். அப்புறம் அஞ்சு கிரெய்ன் ஏத்தி மறுபடி. நடுவுல ஒவ்வொரு வெடிக்கும் குழாயைத் துடைக்கணும், இல்லன்னா கரி படிஞ்சு குண்டு பாதியில நின்னுடும். எங்க ஓட்டைங்க நெருங்கி வருதோ அதுதான் அந்தத் துப்பாக்கியோட அளவு. கம்பெனி புத்தகத்துல போட்ட உச்சத்தைத் தாண்டறதே இல்ல. ஆனா இதெல்லாம் என் துப்பாக்கிக்குத்தான். உங்க அப்பாது எந்தப் பட்டறையில அடிச்சதோ, குழாய் எவ்வளவு தேஞ்சிருக்கோ, அதுக்கு இந்த நம்பர் பொருந்தாது. ஒண்ணு மட்டும் எல்லாத்துக்கும் பொதுவு: தோட்டாவைப் பிரிச்சு எடுக்கற புகையில்லா மருந்தை இதுல போட்டுடாதீங்க. குழாய் பொளந்துரும்.

மேட்டுக்கொல்லை:
மாரண்டஅள்ளி பக்கம்ங்க. லைசென்ஸ் சுத்தமா இருக்கு. அப்பாவுக்கு எழுபது தாண்டினதால கலெக்டர் ஆபீஸ்ல மனு போட்டு என் பேருக்கு மாத்தியாச்சு. கேப்பு போடறதுதான். 2024 எலெக்சனுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சு, திரும்பி வந்ததுல இருந்து பரண்லதான் கிடந்துச்சு. கெட்டிக்கிற கம்பி மட்டும் முன்ன மாதிரி முழுசா இறங்கல, நாலு விரக்கடை வெளிய நிக்குது. துருவாத்தான் இருக்கும், அது பெரிய விஷயம் இல்ல. அளவு சொல்லுங்க.

பரிசல்துறை:
தம்பி, அங்கயே நிறுத்துங்க. அதுதான் விஷயமே. நாலு விரக்கடைன்னா உள்ள ஏற்கெனவே கெட்டின சரக்கு இருக்கலாம். அது மேல இன்னொரு தடவை கெட்டினீங்கன்னா குழாய் வெடிச்சு கை போயிடும்.

பழையஇரும்பு:
குளவியா இருக்கும். பரண்ல கிடந்த குழாயில மண் கூடு கட்டிடும். எங்க வீட்டுல ஒரு மோட்டார் பைப்பையே அடைச்சிருந்துச்சு.

சட்டப்படி:
குளவியோ, துருவோ, குண்டோ, கெட்டிச்சிருக்குன்னு நினைச்சுத்தான் தொடணும். இது கூடத் தெரியாதவங்க கையில துப்பாக்கி இருக்கறதே தப்பு.

கெலமங்கலம்ரோஜா:
திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம்ங்க சார், முதல்ல வழி சொல்லுங்க. தம்பி, குதிரையைப் பாருங்க, கேப்பு இருந்தா எடுத்துடுங்க. துப்பாக்கி வாயை ஆள் இல்லாத பக்கம், மண் மேட்டுப் பக்கம் திருப்பி வெச்சுக்குங்க. உங்க மூஞ்சி வாய்க்கு நேரா வரவே கூடாது. கம்பியை மெதுவா இறக்கி, குழாய் விளிம்புக்கு நேரா கம்பி மேல ஒரு சாக்பீஸ் கோடு போடுங்க. வெளிய எடுத்து, அந்தக் கோட்டை விளிம்புலயே வெச்சு, கம்பியைக் குழாய்க்கு வெளிப்பக்கமா ஒட்டிப் பிடிங்க. நுனி கேப்பு மாட்டற நிப்பிள் வரைக்கும் வந்தா காலி. அதுக்கு முன்னாடியே நின்னா உள்ள ஏதோ இருக்கு. சத்தத்தையும் கவனிங்க: வெறும் குழாய்னா அடியில இரும்பு கிண்ணுனு கேக்கும், நார் இருந்தா மொத்துனு இருக்கும். அப்பாகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க.

மேட்டுக்கொல்லை:
கேட்டேங்க. கெட்டி வெக்கவே இல்லைங்கறார். ஆனா இப்பல்லாம் அவருக்கு ஞாபகம் சரியில்ல. சத்தம் மொத்துனுதான் வருது. சுட்டுக் காலி பண்ணிடலாமா?

ஊத்தங்கரை_பென்சில்வேனியா:
வேண்டாம். எந்த வருசம், எவ்வளவு மருந்து, ஒரு தடவையா ரெண்டு தடவையா, எதுவும் தெரியாது. கரிமருந்து ஈரம் படாம இருந்தா எத்தனை வருசம் ஆனாலும் பிடிக்கும். டிரில் போடறது, சூடு காட்டறது ரெண்டும் கூடவே கூடாது. நிப்பிளைக் கழட்டி மருந்தை நனைச்சு, திருகாணிக் கம்பியால இழுத்து எடுப்பாங்க, அதை விவரம் தெரிஞ்சவங்கதான் செய்யணும்.

கெலமங்கலம்ரோஜா:
பஸ்ல எடுத்துட்டுப் போகாதீங்க. ஸ்டேஷன்ல விசயத்தைச் சொல்லுங்க, ஆயுதப்படையில ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்க்கறவர்) இருப்பாங்க. இல்லன்னா லைசென்ஸ் வெச்ச டீலரைக் கொல்லைக்கே வரச் சொல்லுங்க.

தளிக்காத்து:
எல்லாம் சரிதான். அந்தப் பையன் கடலைக்காய்க்கு என்ன வழி? சட்டம் சட்டம்னு சொல்றவங்க ஒரு மார்கழி ராத்திரி பரண்ல உக்காந்து பாருங்க. கேரளாவுல 2022ல பஞ்சாயத்துத் தலைவருக்கே அதிகாரம் குடுத்து, லைசென்ஸ் இருக்கற ஆளை வெச்சுச் சுட விட்டாங்க. நமக்கு மட்டும் ஏன் இல்ல?

சட்டப்படி:
நம்ம அரசும் 2025ல ஆணை போட்டிருக்கு. காப்புக் காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது, ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும், மூணு தாண்டினா சுடலாம். சுடறது வனத்துறை ஆளுங்க, விவசாயி இல்ல. மனு குடுக்கறதுதான் வழி.

தளிக்காத்து:
மனு போய் ஆள் வர்றதுக்குள்ள கடலை முடிஞ்சிருது சார். அதனாலதான் ஒருத்தன் அவுட்டுக்காய் (கடிச்சா வெடிக்கற நாட்டு வெடி) வெக்கறான், ஒருத்தன் வேலியில கரண்ட் விடறான்.

பரிசல்துறை:
அந்தக் கரண்டு வேலிதான் 2023 மார்ச்ல இதே மாரண்டஅள்ளி பக்கம் மூணு பொட்டை யானையைக் கொன்னுச்சு. ரெண்டு குட்டிங்க தாய்ங்களைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. பன்னிக்குப் போட்டது பன்னியோட நிக்காது. நானும் விவசாயிதான், எனக்கும் கோபம் இருக்கு. ஆனா அதுக்கு மேல என்னால பேச முடியல.

தளிக்காத்து:
கரண்டு வேலியை நான் ஞாயப்படுத்தலைங்க அண்ணே. வழி இல்லாம விட்டா இதுதான் நடக்கும்னு சொல்றேன்.

பழையஇரும்பு:
பழைய சேலையைக் கொல்லையைச் சுத்திக் கட்டி, ராத்திரி தகரம் தட்டினா கொஞ்ச நாளைக்கு வராது. அப்புறம் பழகிடும். தம்பி என்ன ஆனார்? குளவிதானே?

கெலமங்கலம்ரோஜா:
தம்பி, ஒரு வார்த்தை போடுங்க. மூணு நாளா இதையே எட்டிப் பார்த்துட்டிருக்கேன்.

மேட்டுக்கொல்லை:
மன்னிக்கணும், அலைச்சல். ஸ்டேஷன்ல சொல்லி ஆர்மரர் வந்தார். குளவி இல்ல. முதல்ல நார் உருண்டை வந்துச்சு, அப்புறம் ஒன்பது ரவை, அதுக்குக் கீழ இன்னொரு நார், அடியில ஈரக் காப்பித்தூள் மாதிரி மருந்து. நனைக்கறதுக்கு முன்னாடி நிப்பிள் ஓட்டையில இருந்து ஒரு சிட்டிகை குத்தி எடுத்து, தள்ளிப் போய்க் கல்லு மேல வெச்சுப் பத்த வெச்சார். புஸ்ஸுன்னு பிடிச்சிக்கிச்சு. அப்பா திண்ணையில உக்காந்து பார்த்துட்டே இருந்தார், ஒண்ணும் பேசல. துப்பாக்கியை அங்கயே ஒப்படைச்சுட்டேன். வனத்துறைக்கு மனு குடுத்திருக்கேன். பன்னி நேத்து ராத்திரியும் வந்துச்சு.