கோத்தகிரியில நீலம், பல்லடத்துல ரோஸ்: என்ர கைராசிதான் கோளாறா?

தறிக்குடோன் தோட்டம் (பல்லடம்) – மார்ச் 24

எல்லாருக்கும் வணக்கமுங்க. நமக்குப் பல்லடத்துல இருந்து தாராபுரம் ரோட்டுல கொஞ்சம் உள்ள தள்ளி ஊரு. வூட்டை ஒட்டியே குடோன், எட்டுத் தறி ஓடுது. நூல் தீந்த அட்டைக் கோனை எடைக்குப் போடாம எடுத்து வெச்சு, அதுல மண்ணு ரொப்பி விதை போட்டு நாத்து விடறது என்ர பழக்கம். கோனோடயே தொட்டியில இறக்கிரலாம், வேர் அசையாது. எங்கூட்டுக்காரர் இதைப் பாத்துட்டு, "தறி ஓடறதே உனக்குக் கோன் வேணுமுன்னுதான்"னு சொல்லுவாரு.

விசயத்துக்கு வாரேன். போன மே மாசம் மலர்க் கண்காட்சி பாக்க ஊட்டிக்குப் போயிட்டு, வரும்போது கோத்தகிரி வழியா இறங்குனோம். ரோட்டோர நர்சரியில ஹைட்ராஞ்சியா வெச்சிருந்தாங்க. ஒத்தைப் பூ சின்ன முட்டைக்கோசு கணக்கா இருந்துச்சு. நீலமுன்னா அப்படியொரு நீலம், தறியில ஓடற பாவு நூல்ல கூட அந்தக் கலரு நான் பாத்ததில்லை. 250 ரூவா. மேட்டுப்பாளையம் வரைக்கும் மடியிலயே வெச்சுட்டு வந்தேன், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் சின்னப் பிள்ளையைப் பிடிக்கற மாதிரி அணைச்சுப் பிடிச்சுட்டு.

வந்த வேகத்துல கெழக்கால நிழலா பாத்து வெச்சேன். புதுசா ஒரு சிமெண்ட் தொட்டி, நம்ம காட்டுக் கரிசல் மண்ணு, பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணையில இருந்து ரெண்டு கூடை எரு. இருந்த பூவு பத்து நாள்ல கருகிப் போச்சு. ஆனி, ஆடிக் காத்துல இலையெல்லாம் கிழிஞ்சு வெறும் குச்சியா நின்னுச்சு. செத்துப்போச்சுன்னு நெனச்சேன், ஐப்பசி மழைக்குத் துளுத்துக்குச்சு. இப்ப பங்குனியில ஒரே ஒரு பூ விட்டிருக்கு. எலுமிச்சம்பழ சைசு, அதும் ரோஸ் கலரு! இலையெல்லாம் மஞ்ச, நரம்பு மட்டும் பச்சை.

இன்னொண்ணும் கேக்கோணும். பெட்டூனியா பன்னெண்டு தொட்டி வெச்சேன். மார்கழி, தையில குடோனுக்கு வாரவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுப் போனாங்க. பங்குனி பொறந்ததும் ஒண்ணொண்ணா படுத்துருச்சு. என்ர மகன் போன்ல பாத்துட்டு, "அம்மா, அது வசந்த காலத்துப் பூவாமா, இப்பத்தான் பூக்கோணும்"ங்கறான். நமக்கு வசந்தம் எங்கிங்க வருது? பனி போனா வேசகாலம்தான்.

மாமியா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. "மலைப்பூவை மலையிலயே பாத்துட்டு வரோணும் சாமி. உன்ர கைக்கு அது ராசியில்ல." அதுதான் மனசுல உறுத்திட்டே இருக்குது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோத்தகிரி தேயிலைக்காரன் – மார்ச் 24

அக்கா, ராசியெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நீலத்துக்கும் ரோஸுக்கும் செடிக்குள்ள இருக்கற சாயம் ஒண்ணேதான். அந்தச் சாயத்தோட அலுமினியம் சேந்தா நீலம், சேரலைன்னா ரோஸ். அலுமினியம் எல்லா மண்ணுலயும் கிடக்குது. ஆனா மண்ணு புளிப்பா இருந்தாத்தான் கரைஞ்சு வேருக்குக் கிடைக்கும். எங்க மலை மண்ணு தேயிலைக்கு ஏத்த புளிப்பு மண்ணு, பி.ஹெச்.னு புளிப்பை அளக்கற கணக்குல அஞ்சை ஒட்டித்தான் இருக்கும், ஏழுக்குக் கீழ போகப்போகப் புளிப்பு. அதனால இங்க வேலியோரம் யாரும் பாக்காமக் கிடக்கற செடியும் நீலமாத்தான் பூக்குது. உங்க கரிசல் சுண்ணாம்பு மண்ணு. தோண்டுனா சுக்கான் கல்லு வருமே, அதேதான். அதுல அலுமினியம் பூட்டிக்கிட்டு நிக்கும்.

மஞ்ச இலை, பச்சை நரம்பு அதுக்குத் தம்பி. அது இரும்புச்சத்துக் குறை. மண்ணுல இரும்பு இல்லாம இல்லை, சுண்ணாம்பு விடமாட்டேங்குது. புது சிமெண்ட் தொட்டின்னு வேற சொல்றீங்க. அதுவும் கொஞ்ச நாளைக்குச் சுண்ணாம்பைக் கக்கிட்டேதான் இருக்கும்.

ஒண்ணு மட்டும் கேக்கறேன், என்ன தண்ணி ஊத்தறீங்க?

தறிக்குடோன் தோட்டம் – மார்ச் 24

போர் தண்ணிங்க, 1,100 அடி. குழாய்ல வெள்ளை வெள்ளையா படிஞ்சு மாசம் ஒருக்கா சுரண்டோணும்.

இல்லைங்க, பொய் சொல்லக்கூடாது. நம்ம சமையல்கட்டுல ஆர்.ஓ. மெஷின் இருக்குதுங்க. அதுல வெளிய போற கழிவுத் தண்ணியை வீணாக்க மனசு வராம ஒரு குண்டாவுல பிடிச்சு அதைத்தான் செடிக்கு ஊத்தறேன். பாத்தா நல்லா தெளிவாத்தானே இருக்குது?

கோத்தகிரி தேயிலைக்காரன் – மார்ச் 24

அய்யோ அக்கா! அதுல நல்ல தண்ணியை நீங்க குடிச்சுட்டு, அதுல இருந்த உப்பையும் சேத்துச் செடிக்குக் குடுக்கறீங்க. மெஷின் உப்பை அழிக்கறதில்லை, ஒதுக்குது. ஒதுக்குன உப்பெல்லாம் அந்தக் குண்டாவுலதான் இருக்குது. தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பை அளக்கற டி.டி.எஸ். பேனா இருந்தா ஒருக்கா வெச்சுப் பாருங்க.

தறிக்குடோன் தோட்டம் – மார்ச் 25

பக்கத்து சாயப்பட்டறைத் தம்பிகிட்ட பேனா வாங்கிப் பாத்தாச்சுங்க. குடிக்கற தண்ணி 70. போர் 1,380. குண்டாவுல இருக்கறது 2,150. பத்து மாசமா நானே என் கையால ஊத்தியிருக்கேன். மாமியாகிட்ட இன்னும் சொல்லலை.

சத்தி பூக்காடு – மார்ச் 25

நமக்கு சத்தியமங்கலம் பக்கம் ரெண்டு ஏக்கரா மல்லி, அரை ஏக்கரா சம்பங்கிங்க. கார்த்திகைக் கடைசியில மல்லியை முட்டிக்கால் உசரத்துக்குக் கவாத்துப் பண்ணி விட்டோம். மாசியில துளுத்து, இப்ப விடியறதுக்கு முன்னாடி ஆளு விட்டுப் பறிக்கறோம். அது இந்த வெயிலுக்குன்னே பொறந்த பூவு. நீங்க 250 ரூவா குடுத்து மலையில வாங்குனதுக்கு எரிச்சல்தான் வருது.

அழகுக்குத்தான் வேணுமுன்னா, பல்லடத்து வேசகாலத்துக்கு டேபிள் ரோஸ், நித்யகல்யாணி, ஜீனியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை போடுங்க. அடீனியத்துக்கு வாரம் ரெண்டு தண்ணி போதும். காகிதப்பூவைக் கொஞ்சம் காயப்போட்டாத்தான் இலையை விடப் பூவு எச்சா வரும். தினமும் ஊத்தி ஊத்திப் பச்சையா வெச்சுட்டு, பூக்கலையேன்னு அழறவங்க நொம்பப் பேரு. ரோஜான்னா பன்னீர் ரோஸ். பெங்களூர்ல இருந்து வாரதுல பாதி, கண்ணுக்குத் தெரியாத செஞ்சிலந்தி ஏறி வைகாசிக்குள்ள போயிரும். இலைக்கு அடியில சன்னமா நூலாம்படை இருந்தா வெள்ளென தண்ணியைப் பீச்சி அடிச்சுக் கழுவுங்க.

ஹைட்ராஞ்சியாவுக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஊத்தச் சொல்லி எவனாச்சும் வருவான் பாருங்க.

கோபி மருமக – மார்ச் 25

நான் அதைத்தான் சொல்ல வந்தேன் அண்ணா 😄 எலுமிச்சம்பழம் ஆகாதுங்களா? காப்பித்தூள் சக்கை?

கோத்தகிரி தேயிலைக்காரன் – மார்ச் 26

ஆகாதுங்க. சுண்ணாம்பு மண்ணுல ஒரு பழம் பிழிஞ்சா அன்னைக்கே அடங்கிரும். அப்புறம் ஊத்தற ஒவ்வொரு வாளி போர் தண்ணியும் திரும்பச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து கொட்டும். காப்பிச் சக்கை மக்குனா நல்ல எரு, அவ்வளவுதான்.

பல்லடத்து அக்கா, காப்பாத்தணுமுன்னா நான் பண்றது இதுதான். இப்ப இருக்கற மண்ணை மொத்தமா உதறிப்போட்டு, வேரை நல்ல தண்ணியில அலசி, பிளாஸ்டிக் இல்லைன்னா பழைய மண் தொட்டிக்கு மாத்துங்க. கரிசல் ஒரு பிடிகூட வேண்டாம். செம்மண்ணு, இலை மக்கு, கழுவுன தேங்காய் நார்க்கழிவு சமமா. கோழி எரு ஆறு மாசம் மக்காம கிட்டவே வரக்கூடாது, வேரைச் சுட்டுரும். தண்ணிக்கு மழைத் தண்ணி, இல்லைன்னா ஏசியில இருந்து சொட்டற தண்ணி. அதுல உப்பே கிடையாது. இலை மஞ்சளுக்கு இரும்பு கீலேட், அதாவது இரும்பை வேருக்குக் கிடைக்கற மாதிரி பிடிச்சு வெச்சிருக்கற உரம், வாங்கறப்ப இ.டி.டி.ஹெச்.ஏ. வகையான்னு கேட்டு வாங்குங்க. மலிவா கிடைக்கற இ.டி.டி.ஏ. உங்க மாதிரி சுண்ணாம்பு மண்ணுல நிக்காது.

நீலத்துக்குப் படிகாரம். அலுமினியம் அதுலதான் இருக்குது. சாயப்பட்டறை உங்க பக்கத்துலயே இருக்குதே, இயற்கைச் சாயம் துணியில பிடிக்கறதுக்குப் படிகாரம் போடுவாங்கல்ல, செடிக்குள்ளயும் கிட்டத்தட்ட அதே வேலைதான். நாலு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், மாசம் ஒருக்கா. எச்சாப் போட்டா வேர் போயிரும். ஆனா பூத்த பூவுக்கு ஊத்திப் பிரயோசனம் இல்லை. மொட்டுக் கட்டறதுக்கு முன்னாடியே உள்ள போயிருக்கணும், புரட்டாசியில ஆரம்பிங்க.

இன்னொண்ணு. அது மொட்டுக் கட்ட ராத்திரிக் குளிர் வேணும். நாங்க இருக்கறது 1,800 மீட்டர் உசரம், ஊட்டி 2,240. தையில ஊட்டிப் பள்ளத்துல உறைபனி விழும். நீங்க முன்னூத்திச் சொச்சம் மீட்டர்ல, அந்தத் தண்ணியில, அந்த மண்ணுல ஒரு பூ வாங்கியிருக்கீங்க. எங்க ஊர்க்காரனா சொல்றேன், எனக்கு அதுவே ஆச்சரியம்.

மிச்சிகன் மாப்பிள்ளை – மார்ச் 27

எனக்குச் சொந்த ஊர் பெருந்துறைங்க அக்கா. இங்க அமெரிக்காவுல மிச்சிகனுக்கு வந்து ஒன்பது வருசம். உங்க பெட்டூனியா கணக்கு எனக்குத் தெரியும், ஏன்னா நான் அதைத் தலைகீழாப் பாத்தவன்.

உங்க மகன் போன்ல பாத்தது இந்த ஊர் மாதிரி ஊருக்காரங்க எழுதினது. இங்க மே மாசம் பாதி வரைக்கும் ராத்திரியில உறைபனி பயம் உண்டு. இன்னைக்குக்கூட வாசல்ல ஐஸ் கிடக்கு. மே மாசம்தான் கடையில பெட்டூனியா தொங்குதொட்டி வரும், அக்டோபர் பனி வரைக்கும் பூக்கும். எங்க ஜூலை பகல் 28 டிகிரி, ராத்திரி 17. பல்லடத்து மார்கழி கிட்டத்தட்ட அதுதானே? செடிக்கு மாசத்தோட பேரு தெரியாது, சூடுதான் தெரியும். அதனால நீங்க புரட்டாசி, ஐப்பசியில விதைச்சு, மாசியோட அதுக்கு விடை குடுத்துருங்க. செத்துப் போகலைங்க, அதுக்குக் காலம் முடிஞ்சுருச்சு.

என் கதையையும் கேளுங்க. போன மார்ச் கடைசியில ஜன்னலோரம் லைட்டுக்கு அடியில செண்டுமல்லி நாத்து விட்டேன், அம்மா கட்டிக் குடுத்து அனுப்பற மாலை ஞாபகத்துல. ஏப்ரல் 20-ல நல்ல வெயில் அடிச்சுது. நம்ம ஊர் ஆளு அல்லவா, பொழுதோட வெளிய நட்டுட்டேன். மூணாம் நாள் காலையில போய்ப் பாத்தா வேகவெச்ச கீரை மாதிரி கிடக்குது, நாப்பது செடியும். பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சிரிச்சாங்க. உங்க மாமியா சொன்னதையேதான் இங்கிலீஷ்ல சொல்லியிருப்பாங்கன்னு நெனைக்கறேன்.

கோபி மருமக – மார்ச் 27

அண்ணா, டூலிப் நம்ம ஊர்ல வருமாங்க? ஃபிரிட்ஜுல வெச்சா வரும்னு சொல்றாங்க.

மிச்சிகன் மாப்பிள்ளை – மார்ச் 28

கிழங்குக்கு 12 வாரத்துக்குக் குறையாம குளிர் வேணும். இங்க அக்டோபர்ல மண்ணுக்குள்ள வெச்சுட்டா பனியே அந்த வேலையைச் செஞ்சுரும். ஃபிரிட்ஜுலயும் வெக்கலாம், ஆனா பக்கத்துல ஆப்பிள், வாழைப்பழம் இருக்கக் கூடாது. பழம் விடற வாயுவுல உள்ள இருக்கற பூமொட்டு கருகிரும். மார்கழியில எடுத்து நட்டா தையில ஒரு வாரம் பூவு பாக்கலாம், அதுக்கப்புறம் அந்தக் கிழங்கு பெரும்பாலும் தூக்கிப் போடறதுதான். ஒரு வாரப் பூவுக்கு மூணு மாசம் ஃபிரிட்ஜுல இடம். வூட்டுல கேட்டுக்கங்க. பெட்டியில போட்டுக் கொண்டு வரச் சொல்லி மட்டும் என்னைக் கேக்காதீங்க, அனுமதி இல்லாம கிழங்கு கொண்டு வந்தா ஏர்ப்போர்ட்லயே பிடுங்கிருவாங்க.

பொள்ளாச்சி நார்க்கழிவு – மார்ச் 29

ஒரே ஒரு விசயம். நார்க்கழிவுக் கட்டியை ஊறவெச்சு அப்படியே போட்டுராதீங்க, அதுலயும் உப்பு இருக்குது. மூணு தடவை அலசிப் பிழியோணும், அதுவும் நல்ல தண்ணியில. குண்டாத் தண்ணியில அலசிப்போட்டு என்னைத் திட்டக்கூடாது.

தறிக்குடோன் தோட்டம் – மே 18

மன்னிச்சுக்கங்க, சித்திரை முழுக்க ஆர்டர் நெருக்கடி, இந்தப் பக்கமே வர முடியலை.

மண்ணு மாத்திட்டேன். வேரை அலசறப்ப நுனியெல்லாம் பழுப்பா கருகியிருந்துச்சு, பாக்கவே பாவமா இருந்துச்சுங்க. மகன் ரூம்பு ஏசிக் குழாய்க்கு அடியில வாளி வெச்சேன், ராத்திரிக்கு ஆறேழு லிட்டர் சேருது. ஏசியே வேண்டாம், கரண்டு பில்லு ஏறுதுன்னு கத்திட்டு இருந்தவ, இப்ப அவன் ஆஃப் பண்ணுனா நானே போய்ப் போட்டு விடறேன். இரும்பும் நீங்க சொன்ன வகைதான் குடுத்தேன். புதுசா வந்த ஆறு இலை பச்சை. பழைய மஞ்ச இலை அப்படியேதான் இருக்குது.

குண்டாத் தண்ணி இப்பக் குடோன் தரை கழுவறதுக்குப் போகுது.

பெட்டூனியாத் தொட்டியெல்லாம் காலி பண்ணி ஜீனியாவும் நித்யகல்யாணியும் போட்டிருக்கேன், கோன் நாத்துதான். சத்தி அண்ணன் சொன்னது நெசந்தானுங்க, அதுக ஒரு சொல்லும் சொல்லாம பூக்குதுக. ஆனா அண்ணா, நான் வெள்ளென எந்திரிச்சு முதல்ல போய்ப் பாக்கறது அதுகளை இல்லீங்க.

அந்த ஒத்தை ரோஸ் பூவை மாமியா பறிச்சுப் பிள்ளையாருக்கு வெச்சுட்டாங்க. கேட்டா, "எந்தக் கலரா இருந்தா சாமிக்கென்ன"ங்கறாங்க. தண்ணி விசயத்தை அன்னைக்குத்தான் அவங்ககிட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்ப அந்த ஓரத்துக் கருவேப்பிலை பட்டுப் போனதும் அதுலதானா?"ன்னாங்க. அந்தக் கருவேப்பிலைக்கு ஊத்துனது நான் இல்லை, அவங்கதான்.

படிகாரம் கால் கிலோ வாங்கி அலமாரியில வெச்சிருந்தேன், புரட்டாசிக்கு ஆகுமுன்னு. அமாவாசை அன்னைக்குப் பாத்தா காணோம். குடோன் வாசல்ல கறுப்புக் கயித்துல கட்டித் தொங்குது. "தறிக்குத்தான் சாமி கண்ணு படுது, செடிக்கு யாரு கண்ணு வெக்கப் போறா"ங்கறாங்க. இன்னொரு கால் கிலோ வாங்கோணும்.