மேசையில் புரொஜெக்டர், சுவரில் படம்: நடுவில் நடந்ததைச் சொல்லுங்கள்

பயிற்சி வகுப்பு எடுப்பவர்

பல இடங்களுக்குப் போய்ப் பயிற்சி வகுப்பு எடுப்பது என் வேலை. கூரையில் மாட்டிய புரொஜெக்டர் இருக்கிற அரங்கம் எப்போதாவதுதான் வாய்க்கும். பெரும்பாலும் ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்துவிட்டு, "ஆரம்பிக்கலாமா சார்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கும் படம் ஒழுங்காக விழுவதற்கும் நடுவில் நடக்கிற கூத்து இருக்கிறதே, அதைத்தான் பேசலாம் என்று ஆரம்பிக்கிறேன். நடந்ததைச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயர், ஆளின் பெயர் மட்டும் வேண்டாம்.

முதலில் என்னுடையது. ஓர் அரங்கத்தில் படம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு, மேசையைக் கடைசி வரிசைக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். படம் சுவரை அடைத்துக்கொண்டு விழுந்தது, உண்மைதான். ஆனால் எழுத்தெல்லாம் பல தடவை துவைத்துச் சாயம் போன துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. மேசையைப் பாதித் தூரத்துக்கு முன்னால் இழுத்ததும் கடைசி வரிசைக்காரரும் வாசித்தார். தூரம் இரண்டு மடங்கானால் படத்தின் அகலம், உயரம் இரண்டுமே இரண்டு மடங்காகும்; அப்படியானால் பரப்பு நான்கு மடங்கு. இருக்கிற அதே வெளிச்சத்தை நான்கு மடங்கு இடத்துக்குப் பங்கு போட வேண்டும். பெரிய படம் என்றால் மங்கலான படம் என்று ஏற்பாட்டாளர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

கையேட்டில் 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அது 1.5 என்றால், 2 மீட்டர் அகலப் படத்துக்குப் பெட்டியை 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். இப்போதெல்லாம் நான் கிளம்புவதற்கு முன்பே அறையின் நீளத்தைப் போனில் கேட்டுக்கொள்கிறேன். மேசை எங்கே வரும், யார் தலை நடுவில் மறைக்கும் என்பது வரைக்கும் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

கணித ஆசிரியை

உங்களுக்காவது படம் வெளுத்தது சார், எனக்கு முழுக்க இளஞ்சிவப்பாகவே வந்தது. மூன்று வளைவுகள் வரைந்த ஸ்லைடு: ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று பச்சை. "பச்சைக் கோட்டைப் பாருங்கள்" என்கிறேன். "பச்சையே இல்லையே டீச்சர்" என்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் வெள்ளைப் பின்னணி ரோஜா நிறத்தில் இருக்கிறது, பச்சை வளைவு கறுப்பாகி நிற்கிறது. சிவப்பும் நீலமும் மட்டும் அப்படியே.

ஆய்வகத்தில் உதவியாக இருக்கும் தம்பி லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் இணைக்கிற விஜிஏ கேபிளைக் கழற்றி, முனையை ஜன்னல் பக்கம் காட்டினான். மூன்று வரிசையாகப் பதினைந்து ஊசிகள். முதல் வரிசையில் இரண்டாவது ஊசி மட்டும் மடங்கிப் படுத்திருந்தது. முதல் ஊசி சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம் என்று தனித்தனியாகத்தான் போகுமாம். வெள்ளையிலிருந்து பச்சையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சிவப்பும் நீலமும். அதுதான் அந்த ரோஜா நிறம். நீல ஊசி போனால் படம் மஞ்சளாகுமாம். மை தீர்ந்த பேனா ரீஃபிலின் குழாயை ஊசிமேல் செருகி, மெதுவாக நிமிர்த்தினான். படம் பழையபடி வந்துவிட்டது. அன்றைக்கு வளைவுப் பாடத்தைவிட நிறக்கலப்புப் பாடம்தான் பிள்ளைகளுக்கு நன்றாக ஏறியது.

விஜிஏ 1987-இல் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் வகுப்பறைகளில் உயிரோடு இருக்கிறது. கேபிளைச் செருகியதும் இரண்டு பக்கமும் உள்ள திருகை முடுக்கிவிடுங்கள். சும்மா செருகி விட்டால் யாராவது கால் இடறும்போது ஊசிதான் மடங்கும்.

கணினிப் பராமரிப்பில் இருப்பவன்

டீச்சர் சொன்ன தம்பியின் இடத்தில் இருப்பவன் நான். "புரொஜெக்டர் ஓடலை, உடனே வாங்க" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் சுவரில் நீல நிறத்தில் 'நோ சிக்னல்' என்று எழுதியிருக்கும். அந்த எழுத்தைச் சுவரில் போட்டதே புரொஜெக்டர்தானே? விளக்கு எரிகிறது, லென்ஸ் சரியாக இருக்கிறது. லேப்டாப்பிலிருந்து எதுவும் வரவில்லை என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். அப்போது பார்க்க வேண்டியது மூன்று இடம்: கேபிள் இரண்டு முனையிலும் முழுசாக ஏறியிருக்கிறதா, புரொஜெக்டரில் 'சோர்ஸ்' பட்டனை அழுத்திச் சரியான துளையைத் தேர்ந்திருக்கிறார்களா, லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனோடு பி-யை அழுத்தி 'டூப்ளிகேட்' அல்லது 'எக்ஸ்டெண்ட்' வைத்திருக்கிறார்களா. யுஎஸ்பி-சி கேபிள் என்றால் இன்னொன்றும் உண்டு. அந்தத் துளை இருக்கிற எல்லா லேப்டாப்பும் அதன் வழியாகப் படம் அனுப்பாது. சிலவற்றில் அது சார்ஜுக்கும் கோப்பு மாற்றவும் மட்டும்தான்.

மறக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெரிய கூட்டம். முதல் ஸ்லைடோடு படம் நின்றுவிட்டது. பேசுகிறவர் பட்டனை அமுக்கோ அமுக்கென்று அமுக்குகிறார், லேப்டாப் திரையில் ஸ்லைடு ஓடுகிறது, சுவரில் மட்டும் அதே தலைப்பு. யாரோ லேப்டாப்பையே அணைத்துவிட்டார்கள். அப்புறமும் சுவரில் அந்தத் தலைப்பு அசையாமல் நிற்கிறது! அரங்கமே சிரிக்கிறது. எனக்குப் பிடி கிடைத்தது அங்கேதான். லேப்டாப் அணைந்த பிறகும் படம் இருந்தால் அது புரொஜெக்டரின் நினைவில் உறைந்த படம். ரிமோட் எங்கே என்று தேடினால், ஒரு தடிமனான ஃபைலுக்கு அடியில், 'ஃப்ரீஸ்' பட்டன் அழுந்திய நிலையில் கிடந்தது. ஃபைலை எடுத்து, பட்டனை ஒரு தடவை அழுத்தினேன். முடிந்தது.

அந்த பட்டனைத் திட்டாதீர்கள். நான் அதை விரும்பிப் பயன்படுத்துகிறேன். சுவரில் ஒரு ஸ்லைடை உறைய வைத்துவிட்டு, லேப்டாப்பில் அடுத்த கோப்பைத் தேடலாம். உங்கள் டெஸ்க்டாப்பில் கிடக்கிற குப்பை ஊருக்குத் தெரியாது.

இன்னொரு வகை அழைப்பு, "இப்போதானே அணைச்சோம், மறுபடி எரிய மாட்டேங்குது." பழைய விளக்கு வகைப் புரொஜெக்டர்களில் இது சகஜம். உள்ளே இருப்பது உயர் அழுத்தப் பாதரச விளக்கு. சூடாக இருக்கும்போது உள்ளே அழுத்தம் அதிகம், அந்த நிலையில் அது மறுபடி பற்றாது. ஆறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பேச்சு முடிந்ததும் சுவர் ப்ளக்கைப் பிடுங்குகிற பழக்கம் இதைவிட மோசம். விசிறி நின்றுபோய்ச் சூடு உள்ளேயே அடைபடும், விளக்கின் ஆயுள் குறையும். ரிமோட்டில் அணைத்துவிட்டு விசிறிச் சத்தம் ஓயட்டும், அப்புறம் பிடுங்குங்கள். லேசர், எல்இடி வகைகளில் இந்தத் தொல்லை கிடையாது, உடனே எரியும், உடனே அணையும்.

படத்தை உயர்த்தப் பெட்டிக்கு அடியில் புத்தகம் அடுக்குகிறவர்களுக்கு: அடுக்குங்கள், காற்றுத் துளையை மட்டும் மூடாதீர்கள். சில பெட்டிகளில் அந்தத் துளை அடிப்பக்கமே இருக்கும். சூடு ஏறினால் பாதிப் பேச்சில் தானாகவே அணைந்துவிடும்.

ஆய்வு மாணவி

தமிழில் ஸ்லைடு போடுகிறவர்களுக்கு என்று தனியாக ஒரு தலைவலி உண்டே, அதை யாரும் சொல்லவில்லை. ஒரு கருத்தரங்கில் எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். அரங்கத்தின் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. தலைப்பிலிருந்து மேற்கோள் நூல்கள் வரை சுவர் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் நிறுத்தற்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது. மனிதர் கலங்கவில்லை. படத்தை அணைக்கச் சொல்லிவிட்டு முழுப் பேச்சையும் வாயாலேயே பேசினார். அன்றைக்கு ஆக நல்ல பேச்சு அதுதான், அது வேறு விஷயம்.

யூனிகோடில் அடித்தாலும் எழுத்துரு மாறினால் வரி நீண்டு பெட்டியைத் தாண்டி ஓடும். விண்டோஸ் 8-லிருந்து தமிழ் எழுத்துள்ள நிர்மலா யுஐ எழுத்துரு கூடவே வருகிறது. மேக்கில் அது இருக்கும் என்று நம்ப முடியாது. பவர்பாயின்டில் கோப்பைச் சேமிக்கிற அமைப்புகளில் எழுத்துருவையும் கோப்புக்குள் பதித்துவிடும் வசதி உண்டு. கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் பென்டிரைவில் இருந்தால் எந்தக் கணினியிலும் எழுத்து சிதறாது. அசைவூட்டங்கள் மட்டும் போய்விடும். அவை போனால் நல்லதுதான் என்பது என் கட்சி.

அப்புறம் 'பிரசண்டர் வியூ'. நம் திரையில் குறிப்புகளும் அடுத்த ஸ்லைடும், சுவரில் ஸ்லைடு மட்டும் தெரிய வேண்டும். சில நேரம் இரண்டும் இடம் மாறிவிடும். என் தோழிக்கு அப்படி ஆனது. "இங்கே நெறியாளர் குறுக்கே கேட்பார், சிரித்துச் சமாளி" என்று அவள் எழுதி வைத்த குறிப்பு சுவரில் பெரிதாக விழுந்தது. நெறியாளர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். குறுக்கே எதுவும் கேட்கவில்லை. மேலே 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' என்பதில் இரண்டு திரையையும் இடம் மாற்றும் கட்டளை இருக்கிறது, ஒரே சொடுக்கு.

வடிவமைப்பாளர்

கறுப்புப் பின்னணி மோகத்தைப் பற்றி யாராவது பேசுங்கள் ஐயா. லேப்டாப்பில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் புரொஜெக்டரால் கறுப்பை உண்டாக்க முடியாது, வெளிச்சம் போடாமல் விட மட்டும்தான் முடியும். விளக்கு எரிகிற அறையில் சுவர் எவ்வளவு வெளுப்போ, உங்கள் கறுப்பும் அவ்வளவுதான். கருநீலப் பின்னணியில் சாம்பல் எழுத்து போட்ட ஒரு ஸ்லைடை, ஜன்னல் திறந்த அறையில், வாடிக்கையாளர்கள் முன்னால் ஒருவர் போட்டார். சுவரில் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. வெளிச்சமான அறை என்றால் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, தடித்த வடிவம். எல்லா விளக்கையும் அணைக்கத் தேவையில்லை. திரைக்கு நேர் மேலே உள்ளதை மட்டும் அணைத்தாலே படம் எழுந்து நிற்கும், கேட்பவர்களும் தூங்க மாட்டார்கள்.

'கீஸ்டோன்' பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியைச் சாய்த்து வைத்தால் படம் மேலே அகன்று, கீழே குறுகி விழும். பட்டனை அழுத்தி நேராக்கலாம், ஆனால் அது படத்தை உள்ளுக்குள் சுருக்கித்தான் நேராக்குகிறது. புள்ளிகள் குறையும், சின்ன எழுத்தின் ஓரம் கலங்கும்.

பயிற்சி வகுப்பு எடுப்பவர்

கறுப்பு விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். கீஸ்டோனை மட்டும் இவ்வளவு வெறுக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் கூட்டம் தொடங்குகிறது, மேசை தாழ்வாக இருக்கிறது, வேறு மேசை கிடையாது என்றால் என்ன செய்வது? கொஞ்சம் அழுத்திக்கொள்ள வேண்டியதுதான். பெரிய எழுத்துக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் முதலில் பெட்டியைச் சாய்க்காமல் வைத்துப் பாருங்கள். மேசையில் வைக்கிற வகையில் பெரும்பாலானவை லென்ஸ் மட்டத்திலிருந்து மேல்நோக்கியே படத்தைப் போடும்படி செய்யப்பட்டவை. முன்காலைத் திருகி உயர்த்துவது பலருக்கு ஒரு பழக்கம், தேவையே இருக்காது.

ஓய்வு பெற்ற விரிவுரையாளர்

நாங்கள் கண்ணாடித்தாளில் மார்க்கரால் எழுதி, ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைத்துப் பாடம் நடத்தினோம். விளக்கு போனால் பெட்டிக்குள்ளேயே மாற்று விளக்கு இருக்கும், ஒரு நெம்புகோலைத் தள்ளினால் போதும். அந்த ஏற்பாட்டை ஏன் விட்டார்களோ.

வீடியோ காட்டுகிறவர்கள் கவனிக்க: எச்டிஎம்ஐ கேபிள் ஒலியையும் சேர்த்துக் கொண்டுபோகும். சத்தம் புரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கரில் கீச்சென்று வரும், அரங்கத்தின் ஸ்பீக்கர் மௌனமாக இருக்கும். லேப்டாப்பில் ஒலி வெளியேறும் இடத்தை மாற்ற வேண்டும். விஜிஏ-வில் ஒலியே போகாது.

கணித ஆசிரியை

ஐயா, இன்னொன்று. பவர்பாயின்ட் ஓடும்போது விசைப்பலகையில் பி-யை அழுத்தினால் சுவர் கறுப்பாகும், மறுபடி அழுத்தினால் ஸ்லைடு வரும். பலகையில் கணக்குப் போட்டுக் காட்டும்போது பிள்ளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஸ்லைடு எண்ணை அடித்து என்டர் தட்டினால் நேராக அங்கே போகலாம்.

புதிதாக வாங்க நினைப்பவர்

எல்லாவற்றையும் வாசித்தேன். பகலில் சின்ன அறையில் பதினைந்து பேருக்குக் காட்ட வேண்டும். உள்ளங்கை அளவு எல்இடி புரொஜெக்டர் ஒன்றில் வெளிச்சம் 9000 லூமென்ஸ் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா அண்ணா?

கணினிப் பராமரிப்பில் இருப்பவன்

வேண்டாம் தம்பி. வெறும் 'லூமென்ஸ்' என்று போட்டால் அதை எப்படி அளந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அளந்த முறையின் பெயரையும் சேர்த்து 'ஆன்சி லூமென்ஸ்' அல்லது 'ஐஎஸ்ஓ லூமென்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். ஆன்சி முறையில் படத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் வெளிச்சத்தை அளந்து, சராசரியைப் படத்தின் பரப்பால் பெருக்குவார்கள். அதில் ஏமாற்றுவது கஷ்டம். உள்ளங்கை அளவுப் பெட்டிகள் அப்படி அளந்தால் பெரும்பாலும் சில நூறைத் தாண்டாது. இருட்டில் படம் பார்க்க அது போதும். பகலில், விளக்கெரிகிற அறையில் எழுத்து வாசிக்க 3000 ஆன்சியாவது வேண்டும்.

நேரில் போய் வாங்க முடிந்தால் உங்கள் லேப்டாப்பையும், சின்ன எழுத்தில் அட்டவணை இருக்கிற ஒரு ஸ்லைடையும் எடுத்துப் போங்கள். விளக்கை எரியவிட்டே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஃபோகஸை உடனே திருகாமல் சூடேறச் சில நிமிடம் விடுங்கள், அதற்குள் அது லேசாக நகரும். அப்புறம் நடுவில் கூர்மையாக வைத்துவிட்டு நான்கு மூலைகளையும் வாசித்துப் பாருங்கள். மலிவான லென்ஸ் மூலையில்தான் மாட்டிக்கொள்ளும்.