கட்டளைவரிச் சோதனைக் கருவியில் டைம்அவுட் ஆப்ஷன்: நேரம் கடந்த பின்னும் கருவி நகர மறுக்கிறது

கேள்வி:

வணக்கம். பைத்தானில் எழுதப்பட்ட ஒரு சிறிய கட்டளைவரிச் சோதனைக் கருவியை நான் பராமரித்து வருகிறேன். ஒவ்வொரு சோதனையும் ஒரு கட்டளை. கருவி அதை இயக்கி, வெளியீட்டையும் எக்ஸிட் கோடையும் (முடியும்போது கட்டளை திருப்பித் தரும் எண்) எதிர்பார்த்தவற்றோடு ஒப்பிடும். ஒரு சோதனை முடிவில்லாத லூப்பில் சிக்கிக்கொண்டால் அதன் பின்னால் வரிசையில் நிற்கும் அனைத்தும் காத்துக் கிடக்க வேண்டியிருப்பதால், ஒரு சோதனை அதிகபட்சம் எத்தனை விநாடி ஓடலாம் என்பதைப் பயனரே குறிப்பிடும்படி டைம்அவுட் என்ற ஆப்ஷனைச் சேர்க்க முயல்கிறேன்.

பைத்தானின் பிஓபன் மூலம் கட்டளையைத் தொடங்கி, அதன் வெளியீட்டைப் படித்து முடிவுக்குக் காத்திருக்கும் கம்யூனிகேட் செயற்கூற்றுக்கு டைம்அவுட் மதிப்பைக் கொடுக்கிறேன். நேரம் கடந்து எக்ஸெப்ஷன் எழுந்தால் கில் அழைத்துவிட்டு, மீதமுள்ள வெளியீட்டை வாங்குவதற்காக மறுபடியும் கம்யூனிகேட் அழைக்கிறேன். வரம்பு 5 விநாடி என்று வைத்து, 60 விநாடி சும்மா காத்திருக்கும் ஸ்லீப்பை நேரடிக் கட்டளையாகக் கொடுத்தால் சரியாக 5 விநாடியில் நின்றுவிடுகிறது. அதே ஸ்லீப்பை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டில் எழுதி, அடுத்த வரியில் ஒரு வரியை அச்சிடும் எக்கோவையும் சேர்த்தால், 60 விநாடி முடியும்வரை கருவி நகர்வதே இல்லை. ஆனால் அந்த எக்கோவின் வரி வெளியீட்டில் வரவில்லை. இயக்குதளம் லினக்ஸ். எங்கே பார்க்க வேண்டும்?

முதல் பதில்:

எக்கோ வராததுதான் இதற்குத் திறவுகோல். ஷெல் 5 விநாடியிலேயே இறந்துவிட்டது. அது பெற்றெடுத்த ஸ்லீப் இறக்கவில்லை. கில் என்பது நீங்கள் தொடங்கிய அந்த ஒரு ப்ராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு) மட்டுமே சிக்கில் என்ற, உடனே கொல்லும் சிக்னலை அனுப்புகிறது. அநாதையாக நிற்கும் ஸ்லீப், வெளியீட்டைக் கருவிக்குக் கொண்டுவரும் பைப்பின் எழுதும் முனையை ஷெல்லிடமிருந்து பெற்று இன்னும் திறந்தே வைத்திருக்கிறது. இரண்டாவது கம்யூனிகேட் பைப் மூடப்படும்வரை படித்துக்கொண்டே இருக்கும் என்பதால், நீங்கள் காத்திருப்பது ஷெல்லுக்காக அல்ல, அந்தப் பைப்புக்காக. கருவி நிற்கும் நேரத்தில் இன்னொரு டெர்மினலில் ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பெற்றோர் எண் மாறிப்போன ஸ்லீப் அங்கே தெரியும்.

ஆகவே ப்ராசஸை அல்ல, ப்ராசஸ் குழுவையே நிறுத்த வேண்டும். பிஓபனில் ஸ்டார்ட்-நியூ-செஷன் என்பதை ட்ரூ ஆக்கினால், சோதனை தனக்கென ஒரு செஷனிலும் ஒரு குழுவிலும் தொடங்கும். குழுவின் எண்ணும் அந்தச் சைல்ட் ப்ராசஸின் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். நேரம் கடந்ததும் கில்பிஜி மூலம் குழு முழுவதற்கும் முதலில், முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னலை அனுப்பி, தற்காலிகக் கோப்புகளை நீக்குவதற்கு ஓரிரு விநாடி அவகாசம் கொடுத்து, பிறகு சிக்கில் அனுப்புங்கள். இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: சிக்டெர்முக்கு ஷெல் பணிந்து வெளியேறிவிட்டது என்பதற்காக இரண்டாம் சிக்னலைத் தவிர்த்துவிடக் கூடாது, ஏனெனில் சிக்டெர்மைப் புறக்கணிக்கும் பேரப்பிள்ளை ப்ராசஸ் ஒன்று குழுவில் எஞ்சியிருக்கலாம். சிக்கிலை எப்படியும் அனுப்பிவிட்டு, குழுவில் யாரும் இல்லை என்று எழும் எக்ஸெப்ஷனை மட்டும் பொருட்படுத்தாமல் விடுங்கள்.

தானே செட்சிட் அழைத்து (புதிய செஷனைத் தொடங்கி) பின்னணிக்குச் சென்றுவிடும் டீமன்கள் இந்த வலையிலும் சிக்கா. அவற்றையும் பிடிக்க, ப்ராசஸ்களைத் தொகுத்துக் கட்டுப்படுத்தும் லினக்ஸின் சிகுரூப் போன்ற ஏற்பாடு தேவைப்படும். குறைந்தபட்சம் இரண்டாவது கம்யூனிகேட்டுக்கும் ஒரு சிறிய டைம்அவுட் கொடுத்துவிட்டால், எது தப்பினாலும் உங்கள் கருவி மாட்டிக்கொள்ளாது.

கேட்டவரின் மறுமொழி:

மிக்க நன்றி. செஷனைத் தனியாக்கியதும் ஸ்கிரிப்ட் சோதனையும் உரிய நேரத்தில் நின்றுவிட்டது. ஆனால் இப்போது சோதனை ஓடும்போது கன்ட்ரோல்-சி அழுத்தினால், கருவி வெளியேறிய பிறகும் சோதனை பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. நேரம் கடந்த சோதனையைத் தோல்வி என்றே அறிவிப்பதா, எந்த எக்ஸிட் கோடைக் கொடுப்பது என்பதிலும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

முதல் பதிலளித்தவர்:

கன்ட்ரோல்-சி எழுப்பும் சிக்இன்ட், டெர்மினலின் முன்னணிக் குழுவுக்கு மட்டுமே செல்லும். சோதனை அந்தக் குழுவை விட்டு வெளியேறிவிட்டதால், அதை நிறுத்தும் பொறுப்பு இப்போது கருவியுடையது. குழுவை நிறுத்தும் வேலையை ஒரு தனிச் செயற்கூறாக எழுதி, டைம்அவுட் எக்ஸெப்ஷன், கீபோர்டு-இன்டரப்ட் ஆகிய இரண்டு இடங்களிலிருந்தும் அதையே அழையுங்கள்.

இரண்டாவது பதில்:

அறிவிப்பைப் பற்றி நான் சொல்கிறேன். தோல்வி என்றால் விடை தவறு. நேரம் கடந்தது என்றால் விடையே கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால், அறிக்கையைப் படிப்பவர் கிடைக்காத விடையில் பிழையைத் தேடிக்கொண்டிருப்பார். ஆகவே தனி நிலையாகவே காட்டுங்கள். எத்தனை விநாடி வரம்பு என்பதையும், அதுவரை வந்த வெளியீட்டையும் கூடவே அச்சிடுங்கள். எந்த வரியோடு வெளியீடு நின்றது என்பதே பெரும்பாலும் சிக்கிய இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குனூவின் டைம்அவுட் கட்டளை, நேரம் கடந்தால் 124 என்ற எக்ஸிட் கோடைத் தரும். உங்கள் கருவி பல சோதனைகளை ஓட்டுவதால் அதை அப்படியே பின்பற்றத் தேவையில்லை. ஒன்று நேரம் கடந்தாலும் தோல்விக்குரிய அதே 1-ஐக் கொடுத்து, வேறுபாட்டை அறிக்கையில் காட்டுவதே போதும் என்பது என் எண்ணம். அதே குனூ கட்டளைக்கு நேர வரம்பாக 0 கொடுத்தால் வரம்பே இல்லை என்று பொருள். கோ மொழியின் டெஸ்ட் கட்டளையிலும் அப்படித்தான். நீங்களும் அதையே வைத்து, எதிர்ம எண்களைத் தொடக்கத்திலேயே நிராகரியுங்கள்.

வரம்பு ஒவ்வொரு சோதனைக்குமா, மொத்த ஓட்டத்துக்குமா என்பதை உதவிப் பக்கத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். கோ மொழியின் டெஸ்ட் கட்டளையில் இயல்பாக உள்ள 10 நிமிடம் ஒரு பேக்கேஜின் சோதனைகள் அனைத்துக்கும் சேர்த்தது. மெசான் என்ற பில்ட் கருவியில் இயல்பாக உள்ள 30 விநாடி ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியானது. இந்த இரண்டில் ஒன்றுக்குப் பழகியவர் உங்கள் ஆப்ஷனைத் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். மெசானில் எல்லா வரம்புகளையும் ஒரே எண்ணால் பெருக்கும் ஆப்ஷனும் இருக்கிறது. மெதுவான கணினியில் ஓட்டுபவர்களுக்கு அது பேருதவி, பின்னர் நீங்களும் சேர்க்கலாம்.

கேட்டவரின் மறுமொழி:

இரண்டு ஆலோசனைகளையும் ஏற்றுக்கொள்கிறேன். நேரம் கடந்தவை இப்போது அறிக்கையில் தனித் தலைப்பின் கீழ், கடைசியாக வந்த வரிகளோடு வருகின்றன. கன்ட்ரோல்-சி அழுத்திய பின் பிஎஸ் பட்டியலில் எதுவும் எஞ்சவில்லை. வரம்பு ஒவ்வொரு சோதனைக்கும் உரியது என்று உதவிப் பக்கத்தில் எழுதிவிட்டேன். தீர்வு கிடைத்தது என்று இந்த இழையைக் குறித்துவிடுகிறேன்.