ஏற்காடு: சேறு புகுந்த வீடும் மிளகுக் கொடிகளும்

கேள்வி: 2024 டிசம்பர் மழையில் ஓடை கரையுடைத்து, ஏற்காட்டில் எங்கள் தாத்தா கட்டிய சுண்ணாம்புக் காரை வீட்டில் முழங்காலளவு சேறு புகுந்தது. அள்ளி ஒரு மாதம் ஆகியும் சுவரில் உப்புப் பூக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகுக் கொடிகளும் மஞ்சளித்து இலை உதிர்க்கின்றன. சிமெண்ட் பூசிவிடலாமா?

பதில் 1: வேண்டாம் ஐயா, சிமெண்ட் ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்துவிடும். ஊறிய பூச்சைக் கொத்தியெடுத்து, உப்பைத் தண்ணீர் விடாமல் உலர்ந்த தூரிகையால் தேய்த்துக் கூட்டி, கோடை வரை காயவிட்டு, மறுபடியும் சுண்ணாம்பே பூசுங்கள். கொத்தனார் அவசரப்படுத்துவார், கேட்காதீர்கள்.

பதில் 2: மிளகுக் கொடியின் தூரில் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், கறுத்து அழுகியிருந்தால் வாடல் நோய்தான். முதலில் தேங்கிய நீரை வடியவிட்டு, அழுகிய கொடிகளை வேரோடு எடுத்து எரியுங்கள். மற்றவற்றுக்கு 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் சேர்த்த போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லியைத் தெளியுங்கள். பளபளக்கும் கத்தியை அதில் முக்கும்போது செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள்.