சேடில் வேட்டை: 8 மி.மீ. டெதர் கயிற்றில் பிடிகருவி வழுக்குகிறது, எதை மாற்றுவது?

ஏரிக்கரையான் (கேள்வி)

வணக்கம். மிச்சிகனில் அக்டோபர் 1 அன்று மான் வில்வேட்டைப் பருவம் தொடங்குவதற்குள் சேடில் (மரத்தில் தொங்கியபடி அமர உதவும் இடுப்புப் பட்டை) கருவிகளைச் சரிபார்த்து முடிக்க விரும்புகிறேன். என் டெதர், அதாவது மரத்தைச் சுற்றிக் கட்டி நம் எடையைத் தாங்கும் கயிறு, டெக்னோரா எனும் வெப்பம் தாங்கும் இழையால் ஆன உறையுள்ள 8 மி.மீ. கயிறு. நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் பற்களற்ற சிறிய உலோகப் பிடிகருவி ஒன்றை அதில் மாட்டியிருக்கிறேன். கொல்லையில் உள்ள மேப்பிள் மரத்தில் தரைக்கு ஓரடி மேலே தொங்கிப் பார்த்தேன். நேராக அமர்ந்தால் பிடிக்கிறது. மரத்தின் இடப்பக்கமாகச் சுற்றி வந்து மறுபடியும் எடையை விட்டால், இரண்டு மூன்று அங்குலம் வழுக்கிய பிறகே நிற்கிறது. டெதரின் நுனிக்கண்ணில் (நுனியிலுள்ள வளையத்தில்) காரபினரை, அதாவது வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கியை, மாட்டிச் சுருக்குப் போட்டிருப்பதால், அது மரப்பட்டையின் மீது அழுந்திக் கிடப்பதும் உறுத்துகிறது. கயிற்றை மாற்றுவதா, கருவியை மாற்றுவதா?

கிளைவெட்டி

கருவியின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் விட்ட அளவைப் பாருங்கள். சேடில்காரர்கள் வாங்கும் இவ்வகைக் கருவிகளில் பல 10 முதல் 13 மி.மீ. வரையுள்ள கயிற்றுக்கென்றே செய்யப்பட்டவை. உங்களுடையதிலும் அப்படி இருந்தால் பழுது எதுவும் இல்லை. மெல்லிய கயிற்றை அதன் நாக்கு முழுமையாக நசுக்கிப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். பற்கள் உள்ள கருவிக்கு மாறலாம் என்று எவரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். திடீர் இழுப்பில் அந்தப் பற்கள் கயிற்றின் உறையைக் கிழித்துவிடும்.

காரபினரை இன்றே அந்த இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 22 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமம்) என்று அதில் எழுதியிருப்பது நெடுக்குவாட்டில், வாய் மூடியிருக்கும்போது தாங்கும் சுமை. குறுக்குவாட்டில் பெரும்பாலும் 7 அல்லது 8 என்றுதான் போட்டிருக்கும். உருண்ட அடிமரத்தின் மேல் அழுந்தினால் சுமை எந்தப் பக்கம் விழும் என்பது நம் கையில் இல்லை. பட்டையில் உரசித் திருகுப் பூட்டு மெல்லக் கழல்வதும் உண்டு. கயிற்றின் மறுமுனையை நுனிக்கண்ணுக்குள் நுழைத்து இழுத்துச் சுருக்காக்குங்கள். கயிற்றின் மேல் கயிறு உரசினால் உருகாதா என்று பலர் அஞ்சுகிறார்கள். ஓடும் கயிற்றுக்கே அந்த ஆபத்து. இங்கே சுருக்கு இறுகியபின் அசைவதில்லை.

வெண்வால்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் 8 மி.மீ. கயிற்றைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. உலோகக் கருவிக்குப் பதிலாக 6 மி.மீ. துணைக்கயிற்றில் புரூசிக் முடிச்சு போடலாம். தாய்க்கயிற்றைச் சுற்றிப் போடும் இந்த முடிச்சு எடை விழுந்தால் இறுகும், எடை இல்லாதபோது நகரும். முடிச்சுக் கயிறு தாய்க்கயிற்றின் விட்டத்தில் 60 முதல் 80 விழுக்காடு வரை இருந்தால் நன்றாகக் கவ்வும். ஐரோப்பியத் தரப்படி 6 மி.மீ. துணைக்கயிறு ஒற்றை இழையில் குறைந்தது 7.2 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், 5 மி.மீ. என்றால் 5 மட்டுமே, ஆகவே 6 மி.மீ.க்குக் கீழே இறங்காதீர்கள். புதுக்கயிறு விறைப்பாக இருந்தால் முடிச்சு கவ்வாது. கையால் பலமுறை மடக்கிப் பழக்கியபின் முடிச்சின் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, தரைமட்டத்திலேயே குதித்துச் சோதியுங்கள்.

இருப்பினும் இது முதல் பருவம் என்றால் நான் 11 மி.மீ. அரைநிலைக் கயிற்றையே, அதாவது குறைவாக நீளும் கயிற்றையே, சொல்வேன். ஈஎன் 1891 எனும் ஐரோப்பியத் தரத்தின் ஏ வகை குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்கும், 8 மி.மீ. புரூசிக் அதில் அழகாக உட்காரும். குளிரில் கையுறையோடு பிடிக்கவும் எளிது. பையில் சிறிது இடம் கூடுதலாகப் பிடிக்கும், அது பெரிய குறையல்ல.

கயிற்றின் வலுவை விடவும் கவனிக்க வேண்டியது தொய்வு. இவ்வகைக் கயிறு மிகக் குறைவாகவே நீளும் என்பதால், அரை மீட்டர் தொய்வோடு விழுந்தால்கூட அந்த அதிர்ச்சி முழுவதும் இடுப்பில் இறங்கும். சேடில் என்பது விழுபவரைத் தாங்கும் முழுவுடல் பட்டை அன்று. டெதரை நெற்றி உயரத்துக்குக் குறையாமல் கட்டி, எப்போதும் விறைப்பாக வைத்திருங்கள். தரையை விட்டுக் காலை எடுப்பதற்கு முன்பே லைன்மேன் கயிற்றை (ஏறும்போது மரத்தைச் சுற்றி இடுப்பில் மாட்டும் கயிறு) மாட்டி, டெதரில் முழு எடையையும் இறக்கிய பிறகே அதைக் கழற்றுங்கள். டெதரின் கீழ்நுனியில் ஒரு தடுப்பு முடிச்சும் இருக்கட்டும்.

நம் பக்கத்தில் சாம்பல் (ash) மரங்களைத் தவிர்த்துவிடுங்கள். 2002-இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டால் அவற்றில் பெரும்பாலானவை செத்து நிற்கின்றன. எந்தக் கயிறும் முறியும் மரத்தைத் தாங்காது.

ஏரிக்கரையான்

மிக்க நன்றி. கருவியில் 10–13 என்றே பொறித்திருக்கிறது. 11 மி.மீ. கயிறு வாங்கிவிடுகிறேன். சேடிலின் முன்னுள்ள பிரிட்ஜில், அதாவது அதன் இரு பக்கங்களையும் இணைக்கும் கயிற்றில், காரபினருக்குப் பதிலாக, வன்பொருள் கடையில் கிடைக்கும் திருகு வளையம் ஒன்றைப் போடலாமா?

கிளைவெட்டி

கடையில் சங்கிலி இணைக்க விற்பதைப் போடக் கூடாது. அதில் இருக்கும் சுமை அளவு மனிதரைத் தாங்குவதற்காகக் கணக்கிடப்பட்டதன்று. ஈஎன் 362 க்யூ (ஆளைத் தாங்கும் திருகு வளையத்துக்கான ஐரோப்பியத் தரக்குறி) என்று பொறித்த வளையம் என்றால் தாராளமாகப் போடலாம்; திருகை இறுதி வரை முடுக்கி, ஒரு மறையும் வெளியே தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மரத்தின் மேலே கையுறையோடு அதைத் திறக்க முடியாது. பிரிட்ஜையும் புரூசிக்கையும் இணைக்குமிடத்தில் மூன்று அசைவில் திறக்கும் தானியங்கிப் பூட்டுக் காரபினரே எனக்குப் பிடித்தது.