ஒரு கப்பல் கவிழ்ந்தது, இன்னொன்று நிமிர்ந்தே இறங்கியது: கணக்கு எங்கே தப்பியது?

கடலாடி கேட்டது:

ஃபுளோரிடாவில் கீ லார்கோவுக்கு வெளியே மீன்கள் சேரவும் டைவர்கள் பார்க்கவும் செயற்கைத் திட்டாக்க 2002 மே 17 அன்று மூழ்கடிக்க வைத்திருந்த ‘ஸ்பீகல் குரோவ்’ என்ற பழைய போர்க்கப்பலில், குறித்த நேரத்துக்குப் பல மணி நேரம் முன்பே தண்ணீர் ஏறிவிட்டது. தலைகீழாகப் புரண்டு, முகப்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. 2009 மே 27 அன்று கீ வெஸ்டில் அதே நோக்கத்தில் மூழ்கடித்த ‘வேண்டன்பெர்க்’ கப்பல் இரண்டு நிமிடத்துக்குள் இறங்கி நேராக உட்கார்ந்தது. நீளம் 155 மீட்டர், 159 மீட்டர். ஆழமும் இரண்டுக்கும் 40 மீட்டரை ஒட்டித்தான். வெடி வைத்தால் ஓட்டை, ஓட்டை விழுந்தால் முழுகும் என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? செலவில் பெரும்பகுதி சுத்தம் செய்யவே போகிறது என்கிறார்களே, எதை எடுப்பார்கள், எதை விடுவார்கள்?

நீர்க்கோடு:

முழுக வைப்பது சுலபம். முழுகி முடிக்கும்வரை நிமிர்ந்து நிற்க வைப்பதுதான் வேலை. எதிரி, உள்ளே தாராளமாக ஓடியாடும் தண்ணீர்.

20 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளத்தில் தடுப்பில்லாத ஒரு தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தால் போதும், கப்பல் லேசாகச் சாயும்போது அத்தனையும் தாழ்ந்த பக்கம் ஓடும். கணக்கு: நீளம் × அகலத்தின் கனம் (அகலம் × அகலம் × அகலம்) ÷ 12, அதாவது 20,000. கப்பல் விலக்கும் நீரின் கன அளவு 8,000 கன மீட்டர் என்றால், நிமிர்த்தும் திறனைக் காட்டும் ஜிஎம் அளவில் 2.5 மீட்டர் போய்விடும். இந்த அளவுக் கப்பலுக்கு மொத்த ஜிஎம்மே ஒன்று, ஒன்றரை மீட்டர்தான் இருக்கும். அதே தளத்துக்கு நடுவே நீளவாக்கில் ஒரே ஒரு தடுப்பு இருந்தால் இழப்பு நாலில் ஒரு பங்காகக் குறைந்து 0.63 மீட்டர் ஆகிவிடும். அகலம் கனமாகப் பெருகுவதன் விளைவு இது. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பது இங்கே பெரிய பொருட்டல்ல.

ஸ்பீகல் குரோவ் படகுகளை உள்ளே வாங்கிக்கொள்ளும் தரையிறக்கக் கப்பல். அந்த வகையில் பின்பாதி முழுக்க ஒரே திறந்த கூடம். தண்ணீர் மெதுவாக, ஒழுங்கில்லாமல் ஏற இதைவிட மோசமான வயிறு கிடையாது.

அதனால்தான் வேகம் முக்கியம். நீர்மட்டத்துக்குக் கீழே இரு பக்கமும் ஒத்த இடங்களில் எஃகைக் கோடாக வெட்டும் செம்பு உறை வெடிகளை வைத்து, எல்லா அறையும் ஒரே சமயத்தில் நிரம்பும்படி செய்வார்கள். காற்று வெளியேற ஒவ்வொரு அறையின் மேல்மூலையிலும் துளை வேண்டும். ஒரு பக்கம் 50 கன மீட்டர் காற்று சிக்கினால் அந்தப் பக்கத்தை 50 டன் தூக்கிப் பிடிக்கிறது என்று பொருள்.

அடுத்த தப்பு, பக்கவாட்டில் வெட்டும் துளைகள். துறைமுகத்தில் நீர்மட்டத்துக்கு மேலே பத்திரமாகத் தெரியும் துளை, திறந்த கடலில் அலை எழும்பினால் வாசல். 2000 ஜூலையில் சான் டியேகோவில் கனடாவின் பழைய ‘யூகான்’ இப்படித்தான் குறித்த நாளுக்கு முந்தைய நாளே தண்ணீர் வாங்கி, இடப்பக்கமாகப் படுத்துவிட்டது. அந்தத் துளைகளைத் தகடு போட்டு வெல்டிங் வைத்து மூடி, கடைசி நாளில்தான் வெட்டித் திறக்க வேண்டும்.

துருப்பிடிச்சவன்:

சுத்தம் பத்தி நான் சொல்றேன். அமெரிக்காவுல 2006-ல வந்த வழிகாட்டுதல் முக்கியமா அஞ்சு விஷயம் பாக்குது: எண்ணெய், ஆஸ்பெஸ்டாஸ், பிசிபிங்கிற நச்சு ரசாயனம், பெயின்ட், மிதக்கக்கூடிய குப்பை.

எண்ணெயில தொட்டியைக் காலி பண்றது பாதி வேலைகூட இல்லை. குழாய் எங்கெல்லாம் தாழ்ந்து வளையுதோ அங்கெல்லாம் ஃபிளாஞ்சை, அதாவது குழாய் இணைப்பு வளையத்தை, கழட்டி வடிக்கணும், தொட்டி அடியில படிஞ்ச கசடைச் சுரண்டித் துடைக்கணும். தண்ணி மேல வானவில் படலம் தெரியக் கூடாது, அதுதான் அளவுகோல்.

பிசிபி தான் பிடிவாதக்காரன். கேபிள் உறை, காற்றுக்குழாய் இணைப்புல வைக்கிற ஃபெல்ட் கேஸ்கட், ரப்பர் துண்டு, எல்லாத்துலயும் ஊறியிருக்கும். பத்து லட்சத்துல 50 பங்கும் அதுக்கு மேலயும் இருந்தா சட்டம் கையில பிடிக்கும். 2006-ல பென்சகோலாவுல இறக்கின ‘ஒரிஸ்கனி’ விமானந்தாங்கில மொத்தத்தையும் உரிக்க முடியலை. ஏறக்குறைய 700 பவுண்டு பிசிபி உள்ளேயே நின்னுச்சு, அதுக்குத் தனி ஆபத்து மதிப்பீடு போட்டு அனுமதி வாங்கினாங்க. ஆஸ்திரேலியாவுல ‘அடிலெய்ட்’ கப்பலை அவோகா கடற்கரை மக்கள் எதிர்த்து தீர்ப்பாயம் வரைக்கும் போனாங்க. மிச்ச வயரிங்கையும் உரியுற ஈயப் பெயின்ட்டையும் எடுத்த பிறகுதான் 2011 ஏப்ரல்ல முழுகுச்சு. அந்த எதிர்ப்புல நியாயம் இருந்துச்சுன்னுதான் நான் சொல்வேன்.

கடலாடி:

ஆஸ்பெஸ்டாஸை மட்டும் சில இடத்தில் விட்டுவிடுகிறார்களே? எஞ்சினையும் கழற்றுவதில்லை.

துருப்பிடிச்சவன்:

ஆஸ்பெஸ்டாஸ் காத்துல பறந்தாதான் நுரையீரலுக்கு எமன். உடையாம, உறையோட இருந்தா தண்ணிக்கடியில கிடக்கலாம். வெடி வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல இருந்தா எடுத்தே ஆகணும். எஞ்சின் விஷயத்தை நீர்க்கோடு அண்ணன் சொல்லட்டும்.

நீர்க்கோடு:

எஞ்சின் இருப்பது கப்பலின் அடியில். பழைய இரும்புக்கு நல்ல விலை வருகிறதே என்று அதைக் கழற்றினால் கனத்தின் மையம் மேலே ஏறும், கப்பல் தலைகனத்துப் போகும். எண்ணெயை வடித்துவிட்டு அங்கேயே விடுவதுதான் புத்தி. வெட்ட வேண்டியது மேலே இருக்கும் மாஸ்ட், ராடார். அடித்தொட்டிகளில் தண்ணீர் நிரப்புவதாக இருந்தால் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். அரைத்தொட்டி என்றால் மேலே சொன்ன அதே ஓடியாடும் தண்ணீர்தான்.

அடிமணல்:

இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் மீனவர்கள் பார் என்று சொல்லும் இயற்கைத் திட்டின் மேல் கப்பலை வைக்கக் கூடாது. வெறும் மணல் தரைதான் வேண்டும், சேறும் ஆகாது. பசிபிக் கடலில் உள்ள பல்மைரா பவளத்தீவில் 1991-ல் ஒரு மீன்பிடிக் கப்பல் மோதி உடைந்து கிடந்தது. அதைச் சுற்றி பவளத்தை மூடிக்கொண்டு வேறொரு உயிரி பரவியது. இரும்புச் சத்து குறைந்த நீரில் துரு உரம் போட்டது போல ஆனதுதான் காரணம் என்கிறார்கள். கடைசியில் சிதைவையே அள்ளி எடுத்தார்கள்.

ஆழமும் அப்படியே. பொழுதுபோக்கு டைவருக்கு எல்லை 40 மீட்டர். ஒரிஸ்கனியின் ஓடுதளம் முதலில் 135 அடியில் இருந்தது. 2008-ல் குஸ்தாவ் புயல் கப்பலை இன்னும் பத்தடி அழுத்திவிட்டது. இப்போது சாதாரண டைவருக்கு ஓடுதளத்துக்கு மேலே எழும் மேல்கட்டு மட்டும்தான். ஆழம் குறைத்தால் வேறு வினை: நியூஸிலாந்தின் ‘வெலிங்டன்’ 2005 நவம்பரில் மூழ்கி, சில மாதத்தில் தெற்கத்தி அலையில் உடைந்தது. ஸ்பீகல் குரோவையோ 2002 ஜூனில் பாடுபட்டு வலப்பக்கமாகப் படுக்க வைத்தார்கள், 2005 ஜூலையில் டென்னிஸ் புயல் வந்து சும்மா நிமிர்த்திவிட்டுப் போனது.

உள்ளே நுழைவோருக்கு: ஒவ்வொரு அறையிலும் நின்று பார்த்தால் இரண்டு வெளிவாசலில் வெளிச்சம் தெரிய வேண்டும். தொங்கும் கேபிள், தளர்ந்த கூரைப்பலகை எதுவும் மிஞ்சக் கூடாது. கதவுகளைக் கழற்றிவிட வேண்டும், வெளிச்சம் எட்டாத அறைகளை வெல்டிங் வைத்து மூட வேண்டும். மீறி உள்ளே போகிறவர் வழிகாட்டிக் கயிறு கட்டாமல் போகக் கூடாது. 2007 மார்ச்சில் ஸ்பீகல் குரோவுக்குள் கயிறில்லாமல் போன மூன்று பேர் திரும்பவில்லை. ஒரு துடுப்பு உதைப்பில் வண்டல் கலங்கினால் கையில் இருக்கும் விளக்குகூடத் தெரியாது.