ஏர் ரைஃபிள்: பெல்லட் டப்பா மாற்றியதும் குரூப் (துளைகள் நெருங்கி விழுவது) கலைகிறது, உதவுங்கள்

காசிமேடு தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். பத்து மீட்டர் பழகி ஒன்றரை வருடம் ஆகிறது. ரைஃபிள் கிளப்புடையது. போன மாதம் வரை 4.50 ஹெட் பெல்லட், அதாவது தலை 4.50 மி.மீ. அகலமுள்ள ஈயக் குண்டு. அது தீர்ந்தபோது கடையில் 4.49 தான் இருந்தது. கம்பெனி அதேதான், எடையும் அதே 0.53 கிராம். அன்றிலிருந்து நன்றாக விடுத்த ஷாட் கூட 8-க்கு ஓடுகிறது. பிடியில் தப்பா, பெல்லட்டிலா? போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

பெரம்பூர் 60 ஷாட்:
தம்பி, பிடியில் இப்போது கை வைக்காதே. தோளில் வைத்துச் சுட்டால் உன் ஆட்டமும் பெல்லட்டின் சிதறலும் கலந்துவிடும், எது எதுவென்று தெரியாது. கோச்சிடம் கேட்டு ரைஃபிளை கிளாம்பில் பூட்டி, ஒவ்வொரு ஹெட் சைஸிலும் ஒரே இடத்தில் பத்து பத்தாக அடி. வெளிநாட்டில் பெரிய ரைஃபிளுக்குத் தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறவர்கள் மருந்தையும் அதைப் பற்றவைக்கும் பிரைமரையும் சேர்த்து மாற்ற மாட்டார்கள், ஒரு நேரத்தில் ஒன்றுதான். நம்மிடம் மருந்தும் இல்லை, பிரைமரும் இல்லை. மாற்றிப் பார்க்க இருப்பது பெல்லட்தான், அதனால் அதே பொறுமை வேண்டும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இலக்கு அட்டையில் 10 என்பது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டால் போதும். ஆக, பத்து துளையும் சேர்ந்து ஓரத்துக்கு ஓரம் 9.5 மி.மீ.-ஐத் தாண்டினால், கை கல்லாக நின்றாலும் எல்லாம் 10 ஆகாது.

அப்புறம், ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை) திருகு தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடு.

எண்ணூர் அக்கா:
பெல்லட்டை எங்கே வைத்திருக்கிறாய் தம்பி? நம் பக்கம் உப்புக் காற்று. என் டப்பா ஒன்று மாடி அறையிலேயே கிடந்து ஈயம் முழுக்க வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. அப்படி இருந்தால் சுடாதே, ஊதித் தட்டவும் செய்யாதே, அது விஷம். பின்விளிம்பு நெளிந்ததையும் ஒதுக்கிவிடு. பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ பன்னைத் தொடாதே. இதில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

காசிமேடு தம்பி:
நேற்று கிளாம்பில் பார்த்தேன். திருகு இறுக்கமாகத்தான் இருந்தது. 4.49 ஓரத்துக்கு ஓரம் 11 மி.மீ., நண்பனிடம் வாங்கிய 4.50 வெறும் 7.5, 4.51 கிட்டத்தட்ட 9. பொடி பூக்கவில்லை அக்கா, இருந்தாலும் மூடி இறுக்கமான டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். ஒரு மாதமாக என் தோளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன் அண்ணா. பேரலையும் சுத்தம் செய்துவிடவா?

பெரம்பூர் 60 ஷாட்:
செய், ஆனால் இந்த வாரமே. சுத்தம் செய்தபின் முதல் சில ஷாட் இடம் மாறி விழும், போட்டிக்கு முந்தைய நாள் அந்த வேலை வேண்டாம். 4.50 வாங்கும்போது நண்பன் டப்பாவின் லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரான தொகுப்பின் எண்) பார்த்து அதே லாட்டில் இரண்டாக வாங்கு. வேறு லாட்தான் கிடைத்தால் மறுபடி கிளாம்ப்.